முடிவு வருமுன் அடுத்த சோதினை

2010 ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய வடமராட்சிப் பிள்ளை அவள். புது வருடத்தை ஒட்டிப் பெறுபேறு வந்தது. உயிரியலில் ஏ, இரசாயனவியலிலும் பௌதிகவியலிலும் பி. வேறு ஊரில், வேறு வீட்டில் இது கற்கண்டு கொடுக்க வேண்டிய பெறுபேறு. அந்த வீட்டில் ஒருவரும் அந்த மூன்று எழுத்துகளை அதிக நேரம் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் அதற்குக் கீழே அச்சடித்திருந்த மாவட்ட நிலைக்குப் போனது. அது மூன்று இலக்கத்தில் இருந்தது.

மருத்துவபீடம் வேண்டுமென்றால் யாழ்ப்பாண மாவட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குள் நிற்க வேண்டும் என்பது தனியார் வகுப்பு நடக்கும் ரியூட்டரி வாசல்களில் பிள்ளைகளும் பெற்றோரும் போட்டு வைத்திருந்த கணக்கு. அரசாங்கம் சொன்ன கணக்கல்ல. முன்னைய வருடங்களின் வெட்டுப்புள்ளிகளைப் பார்த்து ஊர் தானே கட்டிக்கொண்டது. அந்தக் கணக்குப்படி அவள் வெளியே நின்றாள். அதிக தூரத்தில் அல்ல. தூரமாக நின்றிருந்தால் முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்தை மூன்று தடவை எடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் அந்தத் தடவைப் பெறுபேற்றைக் கொண்டு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். ‘செக்கன்ட் ஷை’, ‘தேர்ட் ஷை’ என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாதாரணமாகச் சொல்வார்கள். அந்தச் சாதாரணப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது இடத்தட்டுப்பாடு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றார்கள். உள்ளே எடுக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 22,000 பேர். அந்த இடங்களும் எல்லோருக்கும் ஒரே வரிசையில் பகிரப்படுவதில்லை. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. ஆகவே ஒரு பிள்ளை நாடு முழுவதோடும் போட்டியிடுகிறது, தன் ஊர்ப் பிள்ளைகளோடும் போட்டியிடுகிறது. பக்கத்து வாங்கில் இருந்து சேர்ந்து படித்த சிநேகிதியே மாவட்ட நிலையில் முன்னுக்கு நிற்பவளாகவும் இருப்பாள்.

அவளுடைய வீட்டில் கூட்டம் கூடியது. அம்மா பாலர் பாடசாலை ஆசிரியை. அப்பா சங்கக்கடை முகாமையாளர். அண்ணன் லண்டனில். பெரியப்பா பக்கத்து வளவு.

“காசைப் பற்றி யோசியாதை, இன்னொருக்கா எடு” என்றான் அண்ணன் தொலைபேசியில்.

“சயன்ஸ் ஃபக்கல்ரி கட்டாயம் கிடைக்கும் பிள்ளை. ஏன் இன்னொரு வரியம் கண் முழிப்பான்?” என்றார் அம்மா.

அப்பா தன் எண்ணத்தைச் சொல்லவில்லை. “நீ என்ன நினைக்கிறாய்?” என்று மட்டும் கேட்டார். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது.

பெரியப்பாவின் பேச்சு வேறு இடத்திலிருந்து வந்தது. அவர் 1970இல் சோதினை எடுத்தவர். பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு அந்த ஆண்டு சிங்களமொழி மூலம் எழுதியவர்களுக்கு 400க்கு 227 போதுமாக இருந்தது. தமிழ்மொழி மூலம் எழுதியவர்களுக்கு 250 வேண்டியிருந்தது. இடையில் விழுந்தவர்களில் பெரியப்பாவும் ஒருவர். பிறகு 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. அவர் எழுதுவினைஞராகி, ஓய்வூதியமும் எடுத்துவிட்டார். நாற்பது வருடம் கழித்தும் அந்த இரண்டு எண்களையும் நேற்றுக் கேட்டதைப்போல் சொல்லுவார். “எங்களுக்குத் திருப்பி எடுக்கிறதுக்கு வீட்டிலை வசதியில்லை. உனக்கு இருக்கு. எடு மேளை” என்றார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை இரண்டாந்தரம் சோதினை எடுக்கும்போது அந்த மண்டபத்தில் அவள் தனியாக இருப்பதில்லை. மொழிக்கொரு வெட்டுப்புள்ளி வைத்த அந்தத் தரப்படுத்தலில் வெளியே நிறுத்தப்பட்ட ஒரு தலைமுறையின் ஆதங்கமும் கூட வந்து உட்காருகிறது. அதைப் பிழையென்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையின் முதுகில் அது ஏறி உட்காரும்போது, முடிவு யாருடையது என்பதே தெரியாமல் போகிறது.

அவளுக்கு உண்மையில் தெரிய வேண்டியிருந்தது வேறு: எவ்வளவால் தவறியது? அதற்குப் பெறுபேற்றுத் தாளில் பதில் இல்லை. ஏ என்றால் 75உம் அதற்கு மேலும், பி என்றால் 65 முதல் 74 வரை. அவளுடைய பி 74ஆ, 65ஆ? பரீட்சைத் திணைக்களம் பாடப் புள்ளிகளை வெளியிடுவதில்லை. தருவது எழுத்தும், நான்கு தசமத்தில் ஒரு இசட் புள்ளியும், மாவட்ட நிலையும் நாடளாவிய நிலையும்தான். இரசாயனவியலில் ஒரு மயிரிழையில் போனதா, பௌதிகவியலில் பெரிதாகச் சறுக்கியதா என்று அறிய வழியில்லை. எந்தப் பாடத்துக்கு எத்தனை மணித்தியாலம் கொடுப்பது என்ற திட்டத்தையே ஊகத்தில் போட வேண்டும்.

இசட் புள்ளியின் குணமும் அப்படித்தான். 2001 தொட்டு அனுமதிக்குப் பயன்படும் அந்த முறையில், ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுப்பார்கள். கடினமான வினாத்தாள் வந்த பாடத்தில் நன்றாகச் செய்தவருக்கு அதனால் அநியாயம் நேராது. அதுவரை நல்ல முறைதான். ஆனால் திருப்பி எடுக்கிற பிள்ளைக்கு அது சொல்லும் செய்தி கடுமையானது. போன வருடத்தைவிட நீ பத்துப் புள்ளி கூட எடுத்தாலும் போதாமல் போகலாம். அந்த வருடம் எழுதும் எல்லோரும் எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் உன் இடம் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட நாட்காட்டி கொடியது. அந்தக் காலத்தில் பரீட்சை ஓகஸ்டில். பெறுபேறு டிசம்பர், ஜனவரியில். அடுத்த ஓகஸ்ட் பரீட்சைக்கான விண்ணப்பம் அதிலிருந்து சில வாரங்களில் முடிந்துவிடும். முதல் பரீட்சைக்கான வெட்டுப்புள்ளியோ மாதக்கணக்காக வராது. ஆகவே பல்கலைக்கழகம் கிடைத்ததா இல்லையா, கிடைத்தால் எந்தத் துறை என்பது தெரியுமுன்பே அடுத்த பரீட்சைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ‘எதுக்கும் போட்டு வைப்பம்’ என்று போடுகிறார்கள். போட்ட பிறகு படிக்காமல் இருக்க முடியுமா? ஒரு பதில் நேரத்துக்கு வராத காரணத்தால் மட்டும் ஒரு முழு வருடம் போகிறது. பிள்ளைகளின் பேராசை, பெற்றோரின் மோகம், ரியூட்டரிகளின் வியாபாரம் என்று இதைப் பற்றிப் பேசுவோர் நிறையப் பேர். தேதிகளை முன்பின்னாக மாற்றினாலே இந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி கலைந்துவிடும் என்பதைப் பற்றிப் பேச ஆளில்லை.

அவளும் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாந்தரம் எடுப்பவள் பள்ளிக்கூடப் பிள்ளை அல்ல. விண்ணப்பத்தில் ‘தனிப்பட்ட பரீட்சார்த்தி’ என்று எழுத வேண்டும். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் இல்லை. காலையில் மணி அடிக்கும் இடம் இல்லை. பிழையான விடையைச் செய்துபார்த்துத் திருத்த ஆய்வுகூடம் இல்லை. பதின்மூன்று வருடம் ஒரு பிள்ளையைத் தாங்கிய அமைப்பு ஒரே நாளில் கையை எடுத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது ரியூட்டரி. தகரக் கூரை, நீள வாங்குகள், வெளியே வரிசையாகச் சாய்த்து வைத்த சைக்கிள்கள். காலை ஆறு மணி வகுப்புக்குப் போகிற பாதையில் பழைய வகுப்புத் தோழிகளைக் காணாமல் இருக்க ஒழுங்கையால் சுற்றிப் போவாள்.

அந்த விடிகாலை வகுப்புக்கூட அவளுக்கு ஒரு விதத்தில் புதுமைதான். அவள் 2008இல் உயர்தரம் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மூடியிருந்தது. 2006 ஓகஸ்டில் மூடியது. இரவில் ஊரடங்கு. விடிந்தும் சந்தியில் ஆள் அடையாள அட்டையைக் காட்டி நின்று போக வேண்டும். மெழுகுதிரியும் மண்ணெண்ணெயும் அளந்து எரித்த காலத்தில் படித்த படிப்பு அது. போர் முடிந்து, பாதை திறந்து, தென்பகுதியிலிருந்து பேருந்துகளில் சனம் நல்லூருக்கும் நயினாதீவுக்கும் வந்துபோன 2011இல், முதல் தடவை கிடைக்காத அமைதி இரண்டாம் தடவை கிடைத்தது. அவளைப் போன்றவர்களுக்குத் திருப்பி எடுப்பதற்கு இது மிக நேர்மையான காரணம். முதல் தடவை எழுதியது அவளுடைய முழு ஆற்றல் அல்ல என்று அவள் நம்பினாள். நம்ப அவளுக்கு ஆதாரம் இருந்தது.

பௌதிகவியல் சேர் அவளை நன்றாக அறிந்தவர். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு கூப்பிட்டுக் கேட்டார்: “ஏன் திருப்பி எடுக்கிறாய்?”

“மெடிசினுக்கு, சேர்.”

“அது தெரியும். பௌதிகத்திலை எந்த அலகு விளங்கேல்லை எண்டு சொல்லு.”

அவளால் சொல்ல முடியவில்லை. மறுநாள் முழுவதும் பழைய வினாத்தாள்களை அலகு அலகாகப் பிரித்தாள். மின்னியலில் அவள் விடைகளை மனப்பாடம் செய்திருந்தாள், விளங்கிக்கொள்ளவில்லை. அது தெரிந்த நாள்தான் அவளுடைய இரண்டாவது வருடம் உண்மையில் தொடங்கிய நாள். அதுவரை ஓடியது போன வருடத்தின் நீட்சி. திருப்பி எடுக்கும் பிள்ளைகளில் பலர் அதே கொப்பியை, அதே ஒழுங்கில், இன்னும் அதிக நேரம் படிக்கிறார்கள். எந்த இடத்தில் பிழை என்று காட்டித் தர ஒருவர் வாய்ப்பது பெரிய பேறு. அந்தப் பேறு எல்லாப் பிள்ளைக்கும் கிடைப்பதில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. கோயில் திருவிழாவில், கலியாண வீட்டில், சங்கக்கடை வாசலில், “என்ன பிள்ளை, திருப்பி எடுக்கிறீரோ?” என்று கேட்பார்கள். அன்போடு கேட்பவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வி ஒரு நாளைக்கு எத்தனை வாயிலிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. ஆடி மாதம் அவள் வெளியே போவதையே விட்டாள்.

2011 பரீட்சைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த வருடம் முதல் தடவை எழுதுவோருக்குப் புதிய பாடத்திட்டம், திருப்பி எழுதுவோருக்குப் பழையது. பெரியப்பாவின் கடைசி மகள், அவளுடைய தங்கை முறை, அதே வருடம் முதல் தடவை எழுதினாள். ஒரே விறாந்தையில் இரண்டு பிள்ளைகள். ஒரே சோதினை, வேறு வேறு வினாத்தாள். முந்தைய தலைமுறைகளில் அக்காவின் கொப்பி தங்கைக்குப் போகும். இந்த வீட்டில் அது முழுதாக உதவவில்லை. இருவரையும் எந்தத் தராசில் வைத்து நிறுக்கப் போகிறார்கள் என்று இருவரும் கேட்டார்கள். பதில் சொல்லக்கூடிய ஆள் வடமராட்சியில் இல்லை.

பரீட்சை முடிந்தது. இரண்டாவது பெறுபேறு வருமுன்பு, முதல் பெறுபேற்றுக்கான கடிதம் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம். அம்மா கடிதத்தைச் சாமியறையில் வைத்தார்.

விதி இப்படி: இந்த இடத்தில் பதிந்துவிட்டால், பிறகு வரும் பெறுபேற்றைக் கொண்டு வேறு துறைக்குப் போக முடியாது. பதியாவிட்டால் இந்த இடம் போய்விடும். ஆக, எழுதி முடித்த சோதினையின் முடிவு தெரியாமலே, கையிலிருக்கும் இடத்தை விடுவதா வைத்திருப்பதா என்று சொல்ல வேண்டும். ஒரே பிள்ளையிடம், ஒரே வருடத்துக்குள், இரண்டாம் தடவையாக, தகவல் எதையும் கொடுக்காமல் முடிவு கேட்கப்பட்டது.

“பதிஞ்சு போட்டு நிம்மதியாய் இரு பிள்ளை” என்று அம்மா அழுதார். அவள் பதியவில்லை. இரசாயனவியல் கட்டுரை வினாக்களை எழுதிவிட்டு வெளியே வந்த மத்தியானம் அவளுக்குள் ஒரு உறுதி பிறந்திருந்தது. அந்த உறுதியைத் தவிர வேறு ஆதாரம் அவளிடம் இல்லை.

2011 டிசம்பர் 25, நத்தார் நாளில் பெறுபேறு வெளியானது. இரசாயனவியல் பி ஏயாக உயர்ந்திருந்தது. பௌதிகவியல் பியிலேயே நின்றது. மாவட்ட நிலையைப் பார்த்து வீடு குழம்பிப் போனது. குழம்பியது அந்த வீடு மட்டுமல்ல. நிலைகளில் பிழை இருக்கிறது என்று நாடெங்கும் முறைப்பாடு எழுந்தது, திருத்திய நிலைகள் வெளியாகின. அதற்கும் கீழே ஆழமான பிரச்சினை கிடந்தது. புதிய பாடத்திட்டக்காரர், பழைய பாடத்திட்டக்காரர் என்ற இரு தொகுதியினரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்திருந்தார்கள். வேறு வேறு வினாத்தாளுக்கு விடையெழுதியவர்களை ஒரே சராசரியோடு ஒப்பிட முடியுமா என்று பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2012 ஜூனில் நீதிமன்றம் அந்தக் கணிப்பைத் தள்ளிவிட்டு, இரு தொகுதிக்கும் தனித்தனியே கணிக்கச் சொன்னது.

விறாந்தையில் கேட்ட கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டி வந்தது. பதில் வந்தபோது பரீட்சை எழுதிப் பத்து மாதம் ஆகியிருந்தது.

அதோடும் முடியவில்லை. 2012 ஜூலை 4இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்பது அதன் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று. ஒக்டோபர் வரை பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இயங்கவில்லை. கோரிக்கை நியாயமானது, ஒதுக்கீடு கூடினால்தானே இடம் கூடும். காத்திருந்த பிள்ளைகளுக்கோ அது இன்னொரு பருவம் வீட்டில் இருப்பது.

இந்த இழுபறிக்குள் 2012 ஓகஸ்ட் பரீட்சை வந்தது. மூன்றாந்தரத்துக்கும் அவள் முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தாள். அனுமதி அட்டை வந்துவிட்டது. தங்கையும் அந்த முறை திருப்பி எடுத்தாள். சோதினை தொடங்கிய காலை தங்கை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். அவள் போகவில்லை.

அந்தப் போகாமைக்கு அவள் பல மாதம் தயாராகியிருந்தாள். தன் தாள்களை மீண்டும் அலகு அலகாகப் பார்த்தாள். இப்போது விளங்காத அலகு என்று ஒன்று இல்லை. இனிமேல் கூடக்கூடியது வேகமும் அதிர்ஷ்டமும் மட்டும்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா, “சரி, உனக்கு விளங்கினால் சரி” என்றார். பெரியப்பா ஒரு கிழமை அவளோடு பேசவில்லை. மூன்று தடவை எடுக்கலாம் என்ற விதி உரிமையாகத் தொடங்கி, பல வீடுகளில் கடமையாக முடிகிறது. மூன்றாவதை வேண்டாம் என்று சொல்வதற்கு, இரண்டாவதை எடுப்பதைவிடக் கூடிய துணிவு வேண்டியிருந்தது.

புதிய கணிப்பின்படி வெட்டுப்புள்ளிகள் வந்தபோது மருத்துவம் அவளுக்குக் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்பத் துறைகளை வரிசைப்படுத்தும் இடத்தில், மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் வெகு கீழே, கை போன போக்கில் எழுதிய ஒன்று கிடைத்தது: யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம். 2010இல் பள்ளிக்கூடத்தை முடித்தவள் 2013இல் விரிவுரைக்குப் போனாள். தங்கை இரண்டாந்தரத்தில் மருத்துவபீடம் புகுந்தாள்.

அந்த வருடம் வீணா என்று இன்றும் சிலர் அவளிடம் கேட்கிறார்கள். விஞ்ஞான பீடத்துக் கடிதத்தை ஏற்றுப் போன அவளுடைய வகுப்புத் தோழி இப்போது அதே பீடத்தில் விரிவுரையாளர். இவள் அரச மருத்துவமனை ஒன்றின் ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளோடு வேலை செய்கிறாள். வேலையை விரும்பிச் செய்கிறாள். மின்னியலை விளங்கிக்கொண்ட அந்தச் சில மாதங்களை அவள் எதற்கும் மாற்ற மாட்டாள். பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே காத்திருந்த காலத்தை யாராவது திருப்பித் தர முடியுமானால் உடனே வாங்கிக்கொள்வாள். இரண்டையும் சேர்த்து ‘திருப்பி எடுத்த வருடம்’ என்று ஒரே பெயரில் ஊர் சொல்கிறது. ஒன்று அவள் படித்த காலம், மற்றது அவளைக் காக்க வைத்த காலம்.

2024ஆம் ஆண்டுக்கான உயர்தரம் நவம்பரில் தொடங்கியது. இடையில் வெள்ளத்தால் சில நாள் நின்று, பிறகு நடந்து முடிந்தது. 2025 ஏப்ரலில் பெறுபேறு வந்த கையோடு அவளுடைய பெரியம்மாவின் பேரன் தொலைபேசி எடுத்தான். ஒரு ஏ, ஒரு பி, ஒரு சி. “அன்ரி, திருப்பி எடுக்கவோ?”

“போனிலை சொல்ல ஏலாது. உன்ரை பாஸ்ட் பேப்பர் கொப்பியளையும் கம்பஸ் விண்ணப்பப் புத்தகத்தையும் கொண்டு வா” என்றாள்.

ஞாயிறு வந்தான். முதல் அரைவாசி நாள் இரசாயனவியல் தாள்களில் போனது. சேதன இரசாயனம் அவனுக்கு அறவே வராது என்று இருவரும் கண்டுபிடித்தார்கள்; திருப்பி எடுப்பதென்றால் அதற்காக எடுக்கலாம் என்று அவன் ஒத்துக்கொண்டான். பிறகு விண்ணப்பப் புத்தகத்தைத் திறந்தார்கள். மருத்துவமும் பல் மருத்துவமும் மட்டும் எழுதிவிட்டு மிச்ச வரிகளை வெறுமையாக விட்டிருந்தான்.

“இதுக்குக் கீழை என்ன?”

“அதுகள் எனக்குத் தேவையில்லை அன்ரி.”

“எது தேவையெண்டு பிறகு பாப்பம். முதலிலை இதிலை இருக்கிற ஒவ்வொரு துறையும் என்னெண்டு வாசி. படிச்சால் என்ன வேலை, எங்கை படிப்பிக்கினம், போன முறை வெட்டுப்புள்ளி என்ன. எல்லாத்தையும் பாத்திட்டு எழுது.”

பின்னேரத் தேத்தண்ணி ஆறிப்போனது. கால்நடை மருத்துவத்தை விவசாயத்துக்கு மேலே போடுவதா கீழே போடுவதா என்று அவன் அவளோடு வாதாடிக்கொண்டிருந்தான். பேராதனை தூரம் என்றான் அவன். தூரம் ஒரு காரணமில்லை, வேறு காரணம் சொல்லு என்றாள் அவள்.